சுவரில் எழுதிய நான்கு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

'ஒரு தொடக்கப் பள்ளியின் விழுமியங்களும் குறிக்கோள்களும்' என்று தலைப்புச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருட ஆசிரியை வேலையில், விழுமியம் என்கிற சொல்லைப் பயிற்சி வகுப்புகளில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஊரில் யார் வாயிலும் அது வராது. "அந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைய எப்படி வச்சுக்கிறாங்க?" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

நான் தலைமை ஆசிரியையாக இருந்தது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, அறுபது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. பொறுப்பேற்ற வருடம், நன்கொடையாக வந்த பெயிண்டில் வெளிச்சுவரில் நான்கு சொல் எழுத வைத்தேன்: ஒழுக்கம், ஒற்றுமை, தூய்மை, உழைப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தூய்மை என்ற சொல் முடிகிற இடத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொன்று வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் ஒற்றுமை என்கிறீர்களா டீச்சர் என்று ஓர் அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, அந்த நான்கு சொல்லை யாரைக் கேட்டு எழுதினேன்? யாரையும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு அடுத்து என்ன தேவை என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் குழுத் தலைவராக ஒரு பெற்றோர்தான் இருப்பார். ஆனால் தொடக்கத்தில் அதை நாங்கள் நடத்திய விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தீர்மானப் பதிவேட்டை நானே எழுதி முடித்து, ஒரு பையன் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். கூட்டம் 'இனிதே நிறைவுற்றது' என்றும் எழுதியிருப்பேன்.

2022-இல் மாநிலம் முழுக்கப் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். எங்கள் குழுவின் தலைவியாக வந்தவர் ஆடு மேய்ப்பவர், ஐந்தாம் வகுப்பு படித்தவர். முதல் கூட்டத்திலேயே நேரத்தைப் பிடித்துக்கொண்டார். "மதியம் மூணு மணின்னா எவ வருவா? நூறு நாள் வேலைக்குப் போனவ வர வேணாமா?" அடுத்த கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தோம். திண்ணை நிறைந்துவிட்டது.

அன்றைக்கு ஒரே கேள்விதான் கேட்டேன்: உங்கள் பிள்ளை இங்கிருந்து ஐந்தாவது முடித்துப் போகும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஐ.ஏ.எஸ். ஆகணும் என்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பஸ் போர்டைத் தானாகப் படிக்கணும் என்றார் ஒருவர். ரேஷன் கடையில் மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கத் தெரியணும் என்றார் இன்னொருவர். அடிக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் எழுந்து நின்று சொன்னார். அடிக்கவோ மனம் நோகப் பேசவோ கூடாது என்பது அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அவருக்கு எண் தெரியாது, அவ்வளவுதான்.

கடைசியாக, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி: "எம் பேரனப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க டீச்சர். காலனிப் பையன்னு கூப்பிடாதீங்க."

காலனி என்றால் ஊரில் பட்டியலின மக்களின் குடியிருப்பு. நான் அப்படிக் கூப்பிட்டேனா? வருகைப் பதிவேட்டில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஆனால் வகுப்புக்கு வெளியே, "காலனிப் பசங்க வந்தாச்சா?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறேன், பல வருடம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பையனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தே 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். செய்தியைக் கேட்டதும் அந்தப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பள்ளியும் ஊரும் கைகோத்தது நம் மாநிலத்தில் புதிதல்ல. 1920-இலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. காமராஜர் காலத்து மதிய உணவுக்கு ஊர்க்காரர்கள் அரிசியும் பணமும் கொடுத்தார்கள். நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், கட்டடம், பெஞ்சு என்று கொண்டுவந்து குவித்தார்கள். அப்போது ஊரிடம் பொருளைக் கேட்டோம். கருத்தைக் கேட்பதற்குத்தான் இவ்வளவு தாமதம்.

அப்புறம், சாப்பாடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் சமைப்பார்கள். சமைப்பவர் யார் என்று பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றிச் சில ஊர்களிலிருந்து செய்தி வந்தது நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் முணுமுணுப்பு கிளம்பியது. நான் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. குழுத் தலைவி மறுநாள் காலை வந்தார், தட்டை வாங்கினார், பிள்ளைகளோடு வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார், அவ்வளவுதான். அடுத்த வாரம் முணுமுணுத்தவர்களில் இரண்டு அம்மாக்களும் ருசி பார்க்க வந்தார்கள். ஒரு குடும்பம் மட்டும் பிள்ளையை வேறு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாழ்ப்பாள் மூன்றாவது கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது, தலைவியின் மைத்துனர் கொண்டுவந்து பொருத்தினார். சுவரில் அந்த நான்கு சொல் இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை. மழையில் 'உழைப்பு' பாதி போய்விட்டது.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யார் வீட்டுப் பிள்ளையாவது அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் அந்தத் தீர்மானப் பதிவேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். உங்கள் கையெழுத்து ஏற்கெனவே அதில் இருந்தால், எந்தத் தேதியில் போட்டேன் டீச்சர் என்று கேளுங்கள்.

வணக்கம்.