"8,000 கிளிக்தான் அண்ணை" என்று சொன்னால் உடனே காசைக் கொடுக்காதீர்கள்! | யாழ்ப்பாணத்தில் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவது

[திரையில்: கமராவின் மேற்பக்கம், ஃபிளாஷ் பூட்டும் இடம் மட்டும் பெரிதாக]

வணக்கம் உறவுகளே. பழைய கமரா ஒன்று பார்க்கப் போகிறீர்கள். விற்கிறவர், "அண்ணை, வெறும் 8,000 கிளிக்தான், புதுசு மாதிரி" என்கிறார். நீங்களும் விடாமல் சோதித்துப் பார்க்கிறீர்கள், உண்மையாகவே 8,000தான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கமரா வருடக்கணக்கில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஓடி ஓடிக் களைத்துப்போன கமரா. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும்? கடைசியில் சொல்கிறேன் என்று இழுக்கிற ஆள் நான் இல்லை, நடுவிலேயே சொல்லிவிடுவேன், அதுவரைக்கும் இருங்கள்.

ஏன் இப்போது பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா? இதைக் கெதியாகச் சொல்லி முடிக்கிறேன். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அந்த வருடம் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிப் போனது, புதுக் கமராவின் விலையும் அதோடு சேர்ந்து மேலே போனது. ஸ்ரூடியோக்காரர் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவுக்கு மாறுகிறார்கள், பழையதை இக்மன் விளம்பரத் தளத்திலும் முகநூலிலும் போடுகிறார்கள். அவ்வளவுதான் பின்னணி.

[திரையில்: ஷட்டர் திறந்து மூடுவது, மெதுவாக்கிய காட்சி]

இனி ஷட்டர் கவுண்ட், அதாவது அந்தக் கிளிக் எண்ணிக்கை. ஒவ்வொரு படம் எடுக்கும்போதும், படத்தைப் பதிகிற சென்சருக்கு முன்னால் இருக்கிற திரை ஒருமுறை திறந்து மூடும், அந்த எண்ணிக்கைதான் இது. நிகொன் டி7100, டி750 ஷட்டர்களை 150,000 தடவை ஓடவிட்டுச் சோதித்ததாக நிறுவனமே சொல்கிறது, கெனன் 5டி மார்க் 3க்கும் அதே 150,000தான், 6டி, 70டி என்றால் 100,000. இது உத்தரவாதம் கிடையாது. 60,000த்தில் போனதும் உண்டு, இரண்டரை லட்சம் தாண்டி இன்னும் ஓடுவதும் உண்டு.

இந்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்தான் கனக்கப் பேர் ஏமாறுகிறார்கள். படத்தின் பெயரில் 0452 என்று இருந்தால் 452 படம்தான் எடுத்தது என்று அர்த்தம் இல்லை, 9999 வந்தவுடன் இலக்கம் திரும்ப 0001க்கு வந்துவிடும், பத்துத் தரம் சுற்றி வந்த கமராவும் 0452தான் காட்டும். நிகொன் என்றால் எடுத்தவுடன் வருகிற ஜேபெக் படத்துக்குள்ளேயே எண்ணிக்கை ஒளிந்திருக்கும், ஆனால் அதை வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்த விபரம் எல்லாம் அழிந்துபோகும், அதனால் டொக்கியுமன்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கெனன்காரர் இதில் கஞ்சர், பெரும்பாலான மொடல்களில் படத்துக்குள் எண்ணிக்கையை எழுதுவதே இல்லை, லப்டொப்பும் யூஎஸ்பி வயரும் கொண்டுபோய் அதற்கென்று இருக்கிற மென்பொருளில் பார்க்க வேண்டும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கு வெட்கப்படாதீர்கள், காசு உங்களுடையது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் கூடக் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: இரண்டு திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரைபடம்]

ஷட்டர் என்பது ஒரு திரை இல்லை, இரண்டு திரை. முதலாவது ஓடித் திறக்கும், இரண்டாவது அதன் பின்னால் ஓடி மூடும். 1/8000 செக்கனில் படம் எடுக்கும்போது திரை அந்த வேகத்தில் ஓடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1 செக்கன் படமோ 1/8000 படமோ, திரை ஓடும் வேகம் ஒன்றுதான். முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) சென்சரின் உயரம் 24 மில்லிமீற்றர், அதைக் கடக்கத் திரைக்கு 3 அல்லது 4 மில்லிசெக்கன் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 20இலிருந்து 30 கிலோமீற்றர் வரும். ரியூசனுக்குப் பிந்திப்போன பெடியன் பலாலி வீதியில் சைக்கிள் மிதிக்கிற வேகம்! அப்படியென்றால் 1/8000 எப்படி வருகிறது? முதல் திரை புறப்பட்ட கையோடு இரண்டாவதும் புறப்பட்டுவிடும், இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்கும், அந்தக் கீறல் சென்சரின் மேல் ஓடிக்கொண்டு போகும். சென்சர் முழுதும் ஒரே நேரத்தில் வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை! இதை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது நான் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதால் வாங்குகிறவருக்கு என்ன பிரயோசனம்? தேய்ந்த ஷட்டர் முதலில் தடுமாறுவது இந்த வேகத்தில்தான். இரண்டு திரையில் ஒன்று கொஞ்சம் பிந்தினால்கூட அந்த 1 மில்லிமீற்றர் இடைவெளி பிசகிவிடும், படத்தின் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு போகும். அதனால் கமராவின் ஆகக் கூடிய வேகத்தில், 1/4000 அல்லது 1/8000, வெளிச்சமான வானத்தைப் பார்த்து ஒரு பத்துப் படம் தொடர்ந்து அடியுங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெளிச்சமாக இருக்க வேண்டும். ஒன்று மங்கல், ஒன்றில் கறுத்த பட்டி என்றால், கிளிக் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் "யோசிச்சுச் சொல்றன் அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்து வெயில் இந்தச் சோதனைக்கு என்றே செய்தது போல இருக்கும், இரவில் போய்ப் பார்க்காதீர்கள்.

[திரையில்: கலியாண மண்டபம், ஸ்ராண்டில் கமரா]

இப்போது அந்த 8,000. 2008இல் நிகொன் டி90 வந்தது, அதன் பின்னாலேயே கெனன் 5டி மார்க் 2 வந்தது, டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கலாம் என்று ஆனது. வீடியோ எடுக்கும்போது ஷட்டருக்கு முன்னால் நிற்கிற கண்ணாடி மேலே போகும், ஷட்டர் திறக்கும், அப்படியே திறந்தபடி நிற்கும். விளங்குகிறதோ? தாலி கட்டுவதிலிருந்து பந்தி முடியும் வரைக்கும் ஓடினாலும் ஷட்டர் கணக்கில் ஏறுவது கை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்த மணித்தியாலம் முழுக்கச் சென்சர் சூட்டில் கிடந்து வேகும், கமராவின் பின்பக்க டிஸ்பிளே எரிந்துகொண்டிருக்கும், அது எதுவும் எந்த மீற்றரிலும் ஏறாது. அதனால் எத்தனை கிளிக் என்று கேட்பதற்கு முதல், இந்தக் கமரா என்ன வேலை பார்த்தது என்று கேளுங்கள்.

விற்கிறவர் சொல்லாவிட்டால் கமராவே சொல்லும். அடிப்பக்கம் பாருங்கள், ஸ்ராண்ட் தட்டு பூட்டிப் பூட்டி வட்டமாகத் தேய்ந்திருக்கும். எச்டிஎம்ஐ துளையில் வயரைச் செருகி மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வருடக்கணக்கில் மொனிற்றர் பூட்டி வேலை செய்திருக்கிறது. நான் முதலில் காட்டிய ஃபிளாஷ் பூட்டும் இடத்தில் கறுப்புப் பெயின்ற் போய் உலோகம் மினுங்கினால் அது படம் எடுத்த கலியாணக் கமரா. லென்ஸை மூடியால் மூடி, 30 செக்கனுக்கு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சிவப்பு, நீலப் புள்ளி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, நல்லூர்த் தேரன்று சனம் நிற்பது மாதிரி நிறைந்திருந்தால் வேண்டாம்.

சென்சர் தூசிக்கு, லென்ஸின் துவாரத்தை எஃப்16 என்று சின்னதாக வைத்து, வெள்ளைச் சுவரை ஃபோக்கஸ் இல்லாமல் எடுத்தால் போதும். தூசி துடைக்கலாம், அதற்காக ஒரு நல்ல கமராவை விடாதீர்கள். இதில் நிகொன் டி600 ஒரு தனிக் கதை. 2012இல் வந்தது, சென்சரில் புள்ளி புள்ளியாக அழுக்கு விழுகிறது என்று உலகம் முழுக்கச் சத்தம், ஒரு வருடத்தில் புது ஷட்டரோடு டி610ஐ விட்டார்கள், 2014இல் டி600 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக ஷட்டர் மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே டி600ஐப் பொறுத்தவரை "கழற்றவே இல்லை" என்கிற கமராவைவிடத் திருத்திய கமராதான் நல்லது!

[திரையில்: லென்ஸுக்குள் ரோச் வெளிச்சம்]

அடுத்தது லென்ஸ், அதற்குள் பிடிக்கிற பங்கஸ் (பூஞ்சணம்). எங்கள் ஊரில் ஷட்டரைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். கார்த்திகை, மார்கழி மழை, சுற்றிவரக் கடல், கமராவை ஒரு துணிப் பையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் வெள்ளை நூல் நூலாகப் படரும். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேல் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தும் பிரயோசனம் இல்லை. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்தால் போன் ரோச் அடித்து, மற்றப் பக்கத்தால் சரித்துப் பாருங்கள். கெனன் லென்ஸ் கழற்றினால் உள்ளே முழுதாகத் திறந்திருக்கும். நிகொன் லென்ஸ் பெரும்பாலும் சுருங்கி மூடிக்கொள்ளும், பின்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே தெரியும். இதைச் செய்யாமல் "கிளியர் லென்ஸ்" என்று நம்பி வாங்கினவர்கள் கனக்கப் பேர். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் படப்பிடிப்புக்குப் போன கமரா என்றால் லென்ஸ் பூட்டுகிற வளையத் திருகாணிகளையும் பாருங்கள், பச்சையோ துருவோ பிடித்திருந்தால் உப்புத் தண்ணி உள்ளே போயிருக்கலாம்.

கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த கமரா என்றால் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அங்கே ரெபெல் ரி6ஐ என்பதும் இங்கே 750டி என்பதும் ஒரே கமரா. "இது வெளிநாட்டு மொடல்" என்று கூட விலை கேட்டால் சிரித்துவிட்டு 750டி விலையைச் சொல்லுங்கள்.

பற்றரி. நிகொனின் நல்ல மொடல்களில் மெனுவுக்குள் பற்றரி வயது 0இலிருந்து 4 வரை காட்டும், 4 என்றால் மாற்ற வேண்டும். கெனனில் மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் நல்லது. புதுப் பற்றரி விலையை மொத்த விலையில் கழித்துப் பேரம் பேசுங்கள்.

பார்த்து வைத்த கமரா ஏதும் இருந்தால் கீழே கொமன்ற்றில் போடுங்கள். மொடல், கிளிக் எண்ணிக்கை, கேட்கிற விலை, வீடியோவுக்குப் பாவித்ததோ இல்லையோ, நாலும் வேண்டும். "அண்ணை இது நல்லதோ" என்று ஒரு மங்கல் படத்தை மட்டும் அனுப்பினால் நானும் "தெரியாது தம்பி" என்றுதான் எழுதுவேன்.