அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா

தாத்தாவோடு வேலை பார்த்த பெரியவர்களுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தாத்தா போன நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். நல்ல உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். உண்மைதான். ஆனால் பேரப்பிள்ளைகள் நாங்கள் ஒரு பக்கம் பேசிக்கொண்டதையும், அம்மாவும் மாமாவும் இன்னொரு பக்கம் பேசிக்கொண்டதையும் சேர்த்துக் கேட்டிருந்தால், அந்த வீட்டில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பீர்கள். எங்களுக்குத் தெரிந்த தாத்தா, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் உளறுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்பவர். அவர்களுக்குத் தெரிந்த அப்பா கோபக்காரர், சத்தம் போட்டுப் பேசுபவர், பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவர். "நீ பார்த்த தாத்தாவ நான் அப்பாவா பார்க்கலடா" என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்த ஏக்கம் இன்னும் என்னை விடவில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

தாத்தா டர்னர். லேத் மெஷினில் இரும்பைக் கடைவது அவர் தொழில். அதிலும் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ராத்திரி விழித்தவர் பகலில் தூங்கிக்கொள்ளலாம், கணக்கு சரியாகிவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். உடம்பு அந்தக் கணக்கை ஏற்பதில்லை. நம் செல்களுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017ல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. பகல் வெளிச்சத்தில் அந்தக் கடிகாரம் உடம்பை எழுப்பத்தான் பார்க்கும். அதனால் பகல் தூக்கம் குறைச்சலாகவும் இருக்கும், தொட்டதற்கெல்லாம் கலையவும் செய்யும்.

பாட்டி ஜன்னலில் தடிப்போர்வையைக் கட்டி வைப்பாராம். ரேடியோ கூடாது. வாசலில் விளையாடக் கூடாது. அம்மாவின் சின்ன வயசு முழுக்க "அப்பா தூங்குறார்" என்ற கிசுகிசுப்பிலேயே போயிருக்கிறது. ஒரு டம்ளர் கைதவறி விழுந்தால் போதும், உள்ளேயிருந்து அதட்டல் வரும். அந்தக் குழந்தைகளுக்கு அது கோபமாகத்தான் தெரியும், வேறெப்படித் தெரியும்?

ரிட்டையர் ஆன பிறகு தாத்தா ராத்திரியில் தூங்க ஆரம்பித்தார். நாங்கள் பிறந்தது அதற்கு அப்புறம். வயசானதும் கனிந்துவிட்டார் என்று பலர் சொல்கிறீர்கள். கனிந்தது வாஸ்தவம். கூடவே, பல வருஷத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கி எழுந்த மனுஷர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சத்தமாகப் பேசுவாரே, அதற்கும் இப்படி ஒரு கதை உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம் என்று வருஷக்கணக்கில் நின்றால் காது கெட ஆரம்பிக்கும். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் இருக்கும் கீச்சுச் சத்தங்கள். ஆகவே பேச்சு கேட்கும், ஆனால் வார்த்தை பிடிபடாது. குழந்தைகள் பேசுவதைப் பிரித்துக் கேட்பது இன்னும் கஷ்டம். தன் குரலின் அளவும் தெரியாமல் போகும். மெஷின் ஓடும் இடத்தில் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்கே கேட்கும் என்பதால் அந்தப் பழக்கமும் வீடு வரை கூடவே வந்துவிடும். அப்பா எப்போதும் கத்துகிறார் என்று அம்மா நினைத்தார். எங்களை இழுத்து உட்கார வைத்து, வாயருகே வலது காதைக் கொண்டுவந்து "இப்பச் சொல்லு" என்பாரே, அதை நாங்கள் செல்லம் என்று நினைத்தோம். செல்லமும்தான். ஆனால் அப்படி உட்கார்ந்தால்தான் அவருக்கு நாங்கள் பேசுவது புரிந்தது. கேட்காமல் போனால் போகட்டும் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு தடவையும் குனிந்து கேட்டார் பாருங்கள், அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மோதிரம் போட மாட்டார். முழுக்கைச் சட்டையும் கிடையாது. நகையென்றாலே பிடிக்காது போல என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். சுற்றுகிற மெஷின் மோதிரத்தையோ சட்டைக் கையையோ பிடித்தால் விரலோ கையோ போய்விடும் என்று, இங்கே முன்வரிசையில் இருக்கும் அவருடைய நண்பர் போன வாரம் சொல்லித்தான் தெரிந்தது.

நானே கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அவரிடம் சொந்தமாக ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது, மிக மெல்லிய பொருளின் கனத்தையும் அளக்கும் கருவி. மரப்பெட்டிக்குள், லேசாக எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒரு நாள் என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, அதை இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைத்தார். "திருகு" என்றார். நான் பலம் கொண்டமட்டும் இறுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "பின்னால இருக்கிற ராட்செட்டப் பிடிச்சுத் திருகு. கிளிக் கிளிக்குனு சத்தம் வந்ததும் நிறுத்து. இறுக்கினா அளவு பொய் சொல்லும்." உருளையில் 50 கோடு இருக்கும், ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர். ஏழாவது கோட்டில் நின்றது. என் தலைமுடியின் கனம் 0.07! அன்றைக்கு ஊரிலேயே பெரிய விஞ்ஞானி நான்தான். ராத்திரி முழுக்க, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில்கூட, அந்தக் கோட்டுக்குள் இரும்பை நிறுத்தியவர் அவர். உழைத்தார் உழைத்தார் என்கிறோமே, அந்த உழைப்பில் எவ்வளவு நுணுக்கம் இருந்தது என்றும் பேச வேண்டும். சிரமம் மட்டும் பட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தொழிலை அவர் ரசித்தார்.

இதையெல்லாம் சொல்லி அம்மாவின் மனக்குறையை ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட நான் வரவில்லை. பள்ளிக்கூட விழாக்களில் அப்பா உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் அந்த நாற்காலி நிரம்பிவிடாது. இறந்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசம் இருந்த இடத்தில்தான் இந்த வருத்தமும் இருக்கும். அம்மாவை அதைச் சொல்ல விடுங்கள்.

அதேபோல, "அதையே நினைச்சுட்டு இருக்காதே" என்று பாட்டியிடம் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். இறந்தவரிடமிருந்து மனதைப் பிரித்தால்தான் துக்கம் ஆறும் என்று மனநல நிபுணர்களே நெடுநாள் நம்பினார்கள். 1996ல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் அதை மறுத்து எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் அந்த உறவை அறுப்பதில்லை, வேறு விதமாகத் தொடர்கிறார்கள், அது நோயல்ல என்றார்கள். பாட்டி இப்போதும் மதியத்தில் குரலைத் தணித்துத்தான் பேசுகிறார். பேசட்டும்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் 2001 வாக்கில் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோருக்கு என்னென்ன கஷ்டம் வந்தது, இப்படி. அதிகம் தெரிந்து வைத்திருந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் அதிகம் இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்தால் அது வந்துவிடாது என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து, ஏற்றம் இறக்கம் இரண்டையும் பேசுகிற பழக்கம்தான் அங்கே வேலை செய்கிறது.

எங்கள் வீட்டில் ஏற்றத்தை மட்டும்தான் பேசினோம். அதனால் நிறைய ஓட்டைகள். இடது கட்டைவிரலில் இருந்த அந்தத் தழும்பு எந்த வருஷத்தது? நைட் ஷிஃப்ட்டை அவரே கேட்டு வாங்கினாரா, அவர் தலையில் கட்டினார்களா? ஃபோர்மேன் பதவி வந்தபோது வேண்டாம் என்றாராமே, ஏன்? பாட்டிக்கே தெரியவில்லை. தாத்தாவோடு நின்று வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள். மைக்கை உங்கள் பக்கம் கொண்டுவருகிறேன். ஃபோனில் பதிவு செய்துகொள்கிறோம், நல்லது கெட்டது பார்க்காமல் சொல்லுங்கள். முதலில் அந்த ஃபோர்மேன் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கலாமா, ஐயா?