ஆலிமின் அடுப்புக்கு விறகு யார் கொடுத்தது?

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய கூட்டத்துக்கு இஸ்லாமியச் சிந்தனையும் அரசியலும் என்று வைத்த தலைப்பைப் பார்த்ததும், மதமும் அரசும் ஒன்றா வேறா என்ற பழைய வழக்கைத்தான் தூசி தட்டப் போகிறான் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை. அதில் இரண்டு தரப்பும் வசனங்களை அடுக்கும், நேரம் போய்விடும், வந்தவர்கள் வந்த கருத்தோடே வீடு திரும்புவார்கள். என் கேள்வி அதைவிடச் சின்னது. நூற்றாண்டுகளாக இது ஆகும், இது ஆகாது என்று மார்க்கச் சட்டம் சொல்லிவந்தார்களே ஆலிம்கள், அவர்களுக்குச் சோறு போட்டது யார்? பாடம் முடிந்து வீட்டுக்குப் போனால் அடுப்பு எரிய வேண்டும். அந்த விறகுக்குக் காசு எங்கிருந்து வந்தது?

இராக்கின் கூஃபா நகரத்தில் ஒரு பட்டுத்துணி வியாபாரியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டாளி ஒருவர் சரக்கோடு போகிறார். அதில் ஒரு துணியில் குறை இருக்கிறது, வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்று இவர் சொல்லி அனுப்புகிறார். கூட்டாளி மறந்துவிடுகிறார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் இவர் தானம் செய்துவிட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இவர்தான் இமாம் அபூஹனீஃபா. 699இல் பிறந்தவர். இன்று உலக முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினர் பின்பற்றும் மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டப் பள்ளி, இவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்தக் கதையை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகத்தான் சொல்வது வழக்கம். நான் கவனிப்பது கடையை. அவருக்குக் கடை இருந்தது. அப்பாஸிய கலீஃபா மன்சூர் கூப்பிட்டு காஜி என்கிற நீதிபதி பதவியை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்ல முடிந்ததற்கு அந்தக் கடையும் ஒரு காரணம். “எனக்கு அந்தத் தகுதி இல்லை” என்றாராம். கலீஃபா, “பொய் சொல்கிறீர்” என்றாராம். “பார்த்தீர்களா, நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். பொய்யனை எப்படி காஜியாக வைப்பது?” என்று திருப்பிக் கேட்டாராம். அந்தப் பேச்சு அப்படியே நடந்ததா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பதவியை மறுத்ததற்காகச் சிறைப்பட்டார், 767இல் பாக்தாதில் இறந்தார் என்பது தொன்றுதொட்டு வரும் செய்தி.

அவருடைய தலைமாணவர் அபூயூசுஃப் நேர் எதிராகப் போனார். ஏழை வீட்டுப் பிள்ளை, கடை கிடையாது. ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் தலைமைக் காஜி ஆனார், அந்தப் பட்டமே அவரிலிருந்துதான் தொடங்குகிறது. குரு வீரர், சீடர் விலைபோனவர் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரி எப்படி வாங்க வேண்டும், குடியானவனை எங்கே கசக்கக் கூடாது என்று கலீஃபாவுக்கே ஒரு நூல் எழுதிக் கொடுத்தவர் அவர். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திராவிட்டால் குருவின் சட்டம் இவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

சரி, கலீஃபாக்கள் ஏன் இவர்களைத் துரத்தித் துரத்திக் கூப்பிட்டார்கள்? சட்டம் அரண்மனையில் இல்லை, அதனால்தான். இப்னுல் முகஃபஃ என்று ஓர் அரண்மனை எழுத்தர். நம் பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீகம் வழியாக அரபிக்குக் கொண்டுபோனவர். ஊருக்கு ஊர் காஜிகள் வேறு வேறு தீர்ப்புச் சொல்கிறார்கள், கலீஃபாவே எல்லாவற்றையும் பார்த்து ஒரே சட்டமாக எழுதி அறிவித்துவிடட்டும் என்று மன்சூர் காலத்தில் அவர் யோசனை எழுதினார். நிர்வாகம் தெரிந்த மனிதரின் யோசனை. இன்றைக்கு எந்த அரசாங்கத்திலும் உடனே கையெழுத்தாகிவிடும். அன்று நடக்கவில்லை. மதீனாவில் இமாம் மாலிக்கிடம் கலீஃபா போய், உங்கள் சட்ட நூலான முவத்தாவை நாடு முழுவதற்கும் சட்டமாக்குகிறேன் என்றபோது, மாலிக்கே வேண்டாம் என்றார் என்பார்கள். நபித்தோழர்கள் பல ஊர்களுக்குப் போனார்கள், ஒவ்வொரு ஊரும் தனக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன காரணம். தன் புத்தகம் நாட்டின் சட்டமாகப் போகிறது என்னும்போது வேண்டாம் என்கிற எழுத்தாளரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கேட்டுக் கிடைக்காததை அடித்து வாங்கப் பார்த்தவர் பின்னால் வந்த கலீஃபா மஃமூன். குர்ஆன் என்றென்றும் இருந்ததல்ல, இறைவனால் படைக்கப்பட்டது என்று எல்லா ஆலிம்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 833இல் விசாரணை தொடங்கினார். மிஹ்னா என்று அதற்குப் பெயர். வெளியே பார்த்தால் இறையியல் தர்க்கம். உள்ளே இருந்த கேள்வி, மார்க்கத்தில் கடைசி வார்த்தை யாருடையது என்பது. பலர் தலையாட்டினார்கள். பாக்தாதின் ஆலிம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஆட்டவில்லை. அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் அவருக்குச் சாட்டையடி விழுந்தது. பிறகு முதவக்கில் வந்து கொள்கையை மாற்றிக்கொண்டார், விசாரணை ஓய்ந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னைக் கவர்ந்தது. சாட்டை ஓய்ந்த பிறகு அரண்மனையிலிருந்து பரிசுகள் வர ஆரம்பித்தன. இப்னு ஹன்பல் தொடவில்லை, பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள், சாப்பிட்டு மூன்று நாள் ஆன நிலையில், கடன் வாங்கிய மாவில் வீட்டில் ரொட்டி சுட்டார்கள். சீக்கிரம் வந்துவிட்டதே, எப்படி என்று கேட்டார். மகன் ஸாலிஹ் வீட்டு அடுப்பு சூடாக இருந்தது, அதில் சுட்டோம் என்றார்கள். எடுத்துக்கொண்டு போங்கள் என்றுவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசலையும் அடைக்கச் சொன்னார். அவருடைய சரிதையில் வரும் நிகழ்ச்சி இது. மாவு தன்னுடையது, கடனானாலும் தன்னுடையது. சூடு மட்டும்தான் கலீஃபாவின் காசில் வந்தது. அதுவும் வேண்டாம். இப்படி ஒரு மனிதர் இருக்கலாம். ஆனால் ஒரு சமூகம் முழுவதற்கும் படிப்புச் சொல்லிக்கொடுக்க இப்படிப்பட்டவர்களை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் வக்ஃபு. அரபியில் அந்தச் சொல்லுக்கே நிறுத்துதல் என்று பொருள். கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று நபித்தோழர் உமர் கேட்கிறார். விரும்பினால் நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து, விளைச்சலைத் தானமாக்கலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்கிறார்கள். அந்த ஹதீஸிலிருந்து, அதாவது நபிமொழியிலிருந்து, ஒரு பெரிய ஏற்பாடே முளைத்தது. நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுக்குப் போகாது. வருமானம் எதற்கு என்று எழுதியவர் எழுதினாரோ அதற்கே போக வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு முதவல்லி, கண்காணிக்க காஜி.

எதற்கெல்லாம் எழுதினார்கள் என்று பார்த்தால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். 1326இல் ஊர் ஊராகச் சுற்றிய பயணி இப்னு பதூதா டமாஸ்கஸ் தெருவில் போகிறார். ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு விழுந்து உடைகிறது, கூட்டம் கூடுகிறது. துண்டுகளைப் பொறுக்கிக்கொள், பாத்திர வக்ஃபு பார்க்கிறவரிடம் போவோம் என்று ஒருவர் கூட்டிப்போகிறார். அங்கே துண்டுகளைக் காட்டியதும் புதுத் தட்டு வாங்கப் பணம் கிடைக்கிறது. எசமான் அடித்திருப்பார், குறைந்தது திட்டியாவது இருப்பார், பையன் மனம் உடைந்திருக்கும் என்று எழுதுகிறார் இப்னு பதூதா. யாரோ ஒருவர், எப்போதோ, உடையப்போகும் பாத்திரங்களை நினைத்துத் தம் சொத்தை எழுதிவைத்திருக்கிறார். அடிமை முறை இருந்த ஊரில்தான் இந்த இரக்கமும் இருந்தது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மதரஸாக்களும் இதே வழியில் நின்றன. ஆசிரியருக்கு மாதப்படி, மாணவனுக்கு அறை, ரொட்டி, விளக்குக்கு எண்ணெய், எல்லாம் பத்திரத்தில் இருக்கும். ஆனால் பெரிய வக்ஃபு எழுத யாரிடம் சொத்து இருந்தது? சுல்தான்களிடமும் அவர்களுடைய அமைச்சர்களான வஜீர்களிடமும்தான். வாசலை அடைத்தாலும் சூடு ஜன்னல் வழியாக வந்துவிட்டது. செல்ஜூக் துருக்கிய அரசின் வஜீர் நிஜாமுல் முல்க் கட்டிய நிஜாமிய்யா மதரஸா 1067இல் பாக்தாதில் திறந்தது. 1091இல் அங்கே பேரறிஞர் கஜாலி ஆசிரியரானார். நூற்றுக்கணக்கான மாணவர்கள், நாடெங்கும் பெயர். நான்கே ஆண்டில் வகுப்பில் நாக்கு எழவில்லை. சொல் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வைத்தியர்கள் இது மனதிலிருந்து வரும் நோய் என்று கைவிரித்தார்கள். தான் கற்பித்தது இறைவனுக்காக அல்ல, பெயருக்காக என்று தனக்கே தெரிந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மக்காவுக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சிரியாவில் தங்கிவிடும் எண்ணத்தோடு 1095இல் கிளம்பினார். கிளம்புமுன் சொத்தைப் பிரித்துக் கொடுத்தார், பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் வைத்தார். அதற்கு அவர் சொல்லும் நியாயம், இராக்கின் செல்வம் முஸ்லிம்களுக்கான வக்ஃபு, ஓர் ஆலிம் தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்ள இதைவிடச் சுத்தமான பணம் உலகத்தில் இல்லை என்பது. மனம் உடைந்து ஓடுகிற நேரத்திலும் காசு எந்தப் பையிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் ஓடினார்.

ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தில், இனி சுல்தானின் பணத்தைத் தொடமாட்டேன், சுல்தானின் சபைக்குப் போகமாட்டேன் என்று சபதம் எடுத்தார். 1106இல் இன்னொரு வஜீர், நிஜாமுல் முல்க்கின் மகன்தான், வற்புறுத்தி அழைக்க, நிஷாப்பூர் நிஜாமிய்யாவில் மறுபடி பாடம் எடுக்க உட்கார்ந்தார். யார்தான் முழுக்கத் தப்பினார்கள்?

வக்ஃபில் ஓட்டைகள் உண்டு. சொத்து பறிபோகாமல் இருக்கக் குடும்பத்துக்கே எழுதிக்கொண்டவர்கள் உண்டு, தின்று தீர்த்த முதவல்லிகள் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் துருக்கியின் உஸ்மானியர்கள் பணத்தையே வக்ஃபாக்கி வட்டிபோல ஒன்றுக்கு விட்டார்கள். கூடாது என்று ஆலிம் பிர்கிவி கொதித்தார். கூடும், இல்லையென்றால் பாதி தர்மங்கள் நின்றுவிடும் என்று ஷைகுல் இஸ்லாம் என்ற தலைமை மார்க்கப் பதவியிலிருந்த அபுஸ்ஸுவூத் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தார். அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய விஷயம்.

நேரே 1805க்கு வருகிறேன். கெய்ரோ. பழைய ஆளுநர் மேல் மக்களுக்கு வெறுப்பு. மக்களிடம் செல்வாக்குள்ள உமர் மக்ரமும், அஸ்ஹர் என்ற பெரிய மார்க்கக் கல்விக்கூடத்தின் தலைவரான ஷைகு ஷர்காவியும் உஸ்மானியப் படைத்தலைவர் முஹம்மது அலிக்குத் தங்கள் கையாலேயே பதவி அங்கியைப் போர்த்தினார்கள். ஆலிம்கள் அரசரை உண்டாக்கினார்கள். நாலு வருஷம் போயிற்று. 1809இல் அந்த அரசர் வக்ஃபு நிலங்களுக்கும் வரி கேட்டார். உமர் மக்ரம் எதிர்த்தார், அரண்மனைக்கு வரமறுத்தார். மற்ற ஷைகுகள்? ஒவ்வொருவராக நழுவினார்கள். உமர் மக்ரமைக் கெய்ரோவிலிருந்து எகிப்தின் கடலோர ஊரான தமியாத்தாவுக்கு வெளியேற்றினார்கள். அவர் பார்த்துவந்த வக்ஃபு நிர்வாகங்களில் சில, அவரைக் கைவிட்ட ஷைகு ஒருவருக்கே போயின. கூடவே இருந்து பார்த்த வரலாற்றாசிரியர் ஜபர்த்தி இதையெல்லாம் கசப்போடு எழுதிவைத்திருக்கிறார். பிறகு நிலங்களும் போயின. 1826இல் இஸ்தான்புல்லில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் வக்ஃபுகளை ஓர் அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார். 1830க்குப் பின் அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1961இல் எகிப்திய அதிபர் நாசரின் சட்டம் அஸ்ஹரையே அரசு நிறுவனமாக்கியது. அடித்தும் கெஞ்சியும் மஃமூனுக்கும் மன்சூருக்கும் கிடைக்காதது, நவீன அரசுக்குச் சம்பளப் பட்டியலில் கிடைத்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஈரான். ஷியா மக்கள் குமுஸ் என்ற ஐந்தில் ஒரு பங்கு மார்க்க வரியை நேராகத் தங்கள் முஜ்தஹிதிடம், அதாவது தாங்கள் பின்பற்றும் பெரிய ஆலிமிடம், கொடுப்பார்கள், அரசர் நடுவில் இல்லை. 1890இல் ஈரானின் அரசரான ஷா, நாட்டின் புகையிலை வியாபாரம் முழுவதையும் 50 ஆண்டுக்கு ஆங்கிலேயர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்தார். வருஷத்துக்கு 15,000 பவுன், லாபத்தில் கால்பங்கு. மறுவருஷம் ஸாமர்ராவிலிருந்த பெரிய முஜ்தஹித் மிர்ஸா ஷீராஸி பெயரில் ஒரு ஃபத்வா வந்தது, இனிப் புகையிலை ஹராம். கடைகள் மூடின, ஹுக்காக்கள் உடைந்தன. ஷாவின் அந்தப்புரத்திலேயே ஹுக்கா நிரப்ப ஆளில்லை. 1892 தொடக்கத்தில் ஒப்பந்தம் ரத்து. ஷீராஸி இருந்த ஊர் ஷாவின் நாட்டிலேயே இல்லை, உஸ்மானிய இராக்கில் இருந்தது.

அப்படியானால் இதுதான் சரியான வழி என்று கைதட்டத் தோன்றும். ஈரானிய ஆலிம் முர்தஸா முதஹ்ஹரி 1960களின் தொடக்கத்தில் அந்தக் கைதட்டலை நிறுத்தினார். எங்கள் ஆலிம்கள் அரசுக்குப் பயப்படுவதில்லை, உண்மை. ஆனால் காசு கொடுக்கிற மக்களுக்குப் பயப்படுகிறார்கள், அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல முடிவதில்லை. எகிப்தில் ஆலிமுக்குச் சுதந்திரம் இருக்கிறது, பலம் இல்லை. எங்களுக்குப் பலம் இருக்கிறது, சுதந்திரம் இல்லை என்று எழுதினார். அவர் கண்முன் இருந்த உதாரணம் அஸ்ஹரின் ஷைகு ஷல்தூத். 1959இல், ஷியாக்களின் மார்க்கச் சட்டமான ஃபிக்ஹையும் பின்பற்றலாம் என்று ஃபத்வா கொடுத்தவர். அரசு சம்பளம் வாங்குகிற ஒருவர் கூட்டத்தின் முகம் பார்க்காமல் துணிந்து சொன்ன வார்த்தை அது.

1979 ஏப்ரலில் ஈரான் இஸ்லாமியக் குடியரசானது. கஜானா சாவியும் குமுஸும் ஆலிம்களிடமே வந்து சேர்ந்தன. இந்த மூன்றாவது ஏற்பாட்டைப் பற்றி முதஹ்ஹரி என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மே மாதம் முதல் நாள் இரவு, தெஹ்ரானில் ஒரு கூட்டம் முடிந்து வெளியே வந்தவரைத் தெருவில் சுட்டுக்கொன்றுவிட்டார்கள்.