சுவருக்கு ஏற்றது அச்சுப் படமே

(காரைக்குடிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வீட்டுச் சுவருக்கு ஏற்ற புராணப் படம் அசல் ஓவியமா, அச்சுப் படமா?’ அச்சுப் படத்தின் பக்கம் நின்று பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எதிரே அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, ஐயாமார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் இரண்டு குற்றம் சாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அச்சுப் படம் போலி, அதில் ஓவியன் கை படவில்லை என்பது ஒன்று. அதற்குச் சட்டம் போட்டு மாட்டுவது இல்லாத பெருமையை இருப்பதாகக் காட்டிக்கொள்வது என்பது இன்னொன்று.

முதலில் போலி என்ற பேச்சை எடுத்துக்கொள்கிறேன். ராஜா ரவிவர்மாவிடம் பரோடா மன்னர் சாயாஜிராவ் 14 புராண ஓவியங்கள் கேட்டார். வரைந்து முடித்ததும் மக்கள் பார்வைக்கு வைத்தபோது கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், ஓவியங்கள் அரண்மனைக்குப் போயின. உங்கள் படங்களை அச்சடித்தால் நாடு முழுக்கப் போய்ச் சேருமே என்று அதற்கு முன்பே ரவிவர்மாவிடம் சொன்னவர், நம் கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவராவ். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் சொந்தமாக அச்சகமே தொடங்கினார். வரைந்தவரே விரும்பி, கைக்காசு போட்டுச் செய்த வேலை அது. அதைப் போலி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கை படவில்லை என்கிறீர்கள். அது கல் அச்சு, ஐயா. ஒரு படத்துக்குப் பல கற்கள் வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய பகுதியை, எண்ணெய்ப் பசையுள்ள மையால் தனித்தனிக் கல்லில் ஆள் உட்கார்ந்து வரைய வேண்டும். ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்த நிறம் இம்மி பிசகாமல் அதன் இடத்தில் விழ வேண்டும். பிசகினால் சரசுவதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். எல்லாம் முடிந்து வார்னிஷ் பூசினால்தான் தைல ஓவியத்தின் மினுமினுப்பு வரும். எத்தனை பேர் கண்ணும் கையும் உழைத்திருக்கும்!

இப்போது நம் செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள், அந்த முற்றத்தைச் சுற்றிய பகுதிக்குள் வாருங்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். கடல் கடந்து கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த காசில் எழும்பிய வீடுகள் இவை. இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இறக்கியவர்களுக்கு அசல் ஓவியம் வாங்கவா வசதி இல்லை? ஆனாலும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், சற்றே முன்பக்கம் சாய்த்து, வரிசையாக அவர்கள் மாட்டியவற்றில் அச்சுப் படங்கள் எத்தனை என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டியதோடு விட்டார்களா? எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வீட்டு வளவில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி படம் ஒன்று உண்டு. சேலையின் கரை முழுக்க நிஜ ஜரிகை. மார்பில் சின்னச் சின்ன முத்துகள், கிரீடத்தில் ஜிகினா. கண்ணாடியைக் கழற்றி, காகிதம் கிழியாமல் அந்த ஜரிகையை ஒட்டியவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த காலத்தில், நீண்ட மதியங்களில் செய்த வேலை அது. அதே படம் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கும். ஆனால் அந்தக் கரையும் அந்த முத்தும் உள்ள லட்சுமி உலகத்தில் ஒருத்திதான். அரண்மனைச் சுவரில் தொங்கும் அசலை எந்தப் பெண்ணாவது தொட்டு அலங்கரித்திருக்க முடியுமா? இது அவர்கள் கைக்கு எட்டியது. அவர்கள் படமாகவே ஆனது.

இரண்டாவது குற்றச்சாட்டு, பெருமைக்காக மாட்டுகிறோம் என்பது. நடுவர் அவர்களே, எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைய முடிந்தது 1939-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சாமிகள் கல் அச்சில் ஏறிச் சந்தைக்கு வந்துவிட்டார்கள். கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒருவர் ஒரு படத்தை வாங்கித் தன் மண்சுவரில் மாட்டி, யார் அனுமதியும் கேட்காமல் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பாரே, அதுவா பகட்டு? பின்னாளில் கோவில்பட்டியில் ஓவியர் சி. கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டியோடு வீடு வீடாகப் போனார்கள். பழைய தேதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்துக்கு மட்டும் சட்டம் போட்டு வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனை!

எதிரணியில் ஒருவர் சொன்ன ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தமயந்தியும் அன்னமும் உள்ள ரவிவர்மா படத்தையே சோபாவின் அகலத்துக்கு ஏற்றபடி இழுத்துப் பெரிதாக்கி, அன்னத்தின் கழுத்தை வெட்டி, தமயந்தியின் நிறங்களை வெளுப்பாக்கி இன்று சிலர் அச்சிட்டுத் தருகிறார்கள். அதை நானும் மாட்ட மாட்டேன். அளவும் நிறமும் மாறாத பிரதியைத் தேடி வாங்குங்கள். அது கிடைக்கவே செய்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். பாகம் பிரியும்போது நம் வீட்டுப் படங்கள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. விற்பதற்கு முன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பின்பக்கத்து அட்டையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அட்டையை மட்டும் மாற்றுங்கள். கண்ணாடி காகிதத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். முற்றத்து வெயில் நேரே விழாத சுவரில் மாட்டுங்கள். ஜரிகையை யார் ஒட்டியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பெயரைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.

அச்சுப் படத்துக்கே தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.