கிட்டக் காட்டினால் நிறம் மாறும் சேலை

வணக்கம் உறவுகளே. போன கிழமை தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையை, கனடாவில் இருக்கும் மாமிக்கு வீடியோ கோலில் காட்டினோம். "என்னடா, செங்கல் நிறத்திலே எடுத்திருக்கிறியள்?" என்றார் மாமி. அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "வடிவாப் பாருங்கோ" என்று சேலையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கிட்டப் போகப் போக நிறம் இன்னும் வெளிறியது. பின்னால் இருந்த வெள்ளைச் சுவர்கூட நீலம் பாய்ந்துவிட்டது!

இதோ, முற்றத்தில் வெட்டிய வாழையிலை. வெப்கேமுக்கு முன்னால் பிடிக்கிறேன். என் முகத்தைப் பாருங்கள், ரோஸ் பவுடர் பூசியது போல ஆகிறதா? இலையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, அதாவது சென்சர், அதற்கு நிறமே தெரியாது. அதிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகள் வெளிச்சத்தின் அளவை மட்டும்தான் அளக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரு நிற வடிகட்டி வைப்பார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மீதிக்கு நீலம். கமரா, பிலிம் செய்த கொடாக் கம்பனியில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

அப்புறம்தான் சிக்கல். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 2700 கெல்வின், நல்ல மஞ்சள். பகல் வெளிச்சம் 5500, 6500 என்று போகும். நம் கண் இரண்டிலும் வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே பார்த்துப் பழகிவிட்டது. கமராவோ வெளிச்சம் என்ன நிறம் என்று ஊகிக்க வேண்டும். மிக எளிய வழி, படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரவேண்டும் என்று எடுத்துக்கொள்வது. படம் முழுக்கச் சேலையாக இருந்தால்? வெளிச்சமே சிவப்பு என்று நினைத்து, சிவப்பைக் குறைத்துவிடும். பாவம் அம்மா, அவர் கிட்டக் கொண்டுபோனதுதான் பிழை.

இதற்குக் கமரா செற்றிங்ஸில் வைட் பலன்ஸ் என்று இருக்கும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்வது. 'ஓட்டோ'வை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, அது வெள்ளையாகத் தெரியும்வரை அந்தச் செற்றிங்கை நகர்த்துங்கள். ஆனால் குண்டு பல்பில் நீலம் குறைவு. கமரா அதை இழுத்துக் கூட்டும்போது படம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மலிவான எல்.ஈ.டி. சிலவற்றில் ஆழ்ந்த சிவப்பே போதாது. இல்லாத வெளிச்சத்தை எந்தச் செற்றிங்கும் கொண்டுவராது, அரக்கு மண் நிறமாகத்தான் நிற்கும். படத்தில் கோடு கோடாக ஓடினால் அது வேறு கதை, கரண்டோடு சேர்ந்து பல்பு மினுங்குவது: நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், செற்றிங்ஸில் 60 இருந்தால் 50க்கு மாற்றிவிடுங்கள்.

சரி, அடுத்த நாள் காலையில் விறாந்தையில், பகல் வெளிச்சத்தில், அப்பாவின் வேட்டியைப் பக்கத்தில் தொங்கவிட்டு, சேலையைத் தள்ளிப் பிடித்துக் காட்டினோம். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நான் சொன்னதுக்காகக் கடையிலே மாத்திக்கொண்டு வந்தனீங்களோ?"