புண் ஆற ஏன் இத்தனை நாள்?

நேயர்களுக்கு வணக்கம். நான் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதிலேயே போனது. மனதைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது புண்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சர்க்கரையால் காலில் புண் வந்த பெரியவர் ஒருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் மகனுடைய பைக்கில் வருவார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஏதோ பாகப்பிரிவினைத் தகராறு. "காலைத் தொங்கப்போட வேணாம்னு சொல்லுங்க சிஸ்டர்" என்பார் மகன், "பணம் கட்டிட்டானான்னு கேளும்மா" என்பார் அப்பா, நடுவில் நான் தபால்காரி. புண் ஆறவே மாட்டேன் என்றது. சர்க்கரை கூடுதல் என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். சர்க்கரை காரணமில்லை என்று சொல்லவில்லை, ஆனால் சீட்டில் எழுத இடமில்லாத காரணமும் ஒன்று உண்டு என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் என்ற உளவியலாளர், நோய் எதிர்ப்புச் சக்தியை ஆராய்ந்த தன் கணவர் ரொனால்ட் கிளேசருடன் சேர்ந்து 42 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார், 2005இல் வெளியானது. கையில் சின்னச் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தார்கள். அப்படியே கணவனையும் மனைவியையும் உட்காரவைத்து ஒருமுறை ஆதரவாகப் பேசச் சொன்னார்கள், இன்னொரு முறை வழக்கமாகச் சண்டை வரும் விஷயத்தையே எடுத்துப் பேசச் சொன்னார்கள். (காசு கொடுத்துச் சண்டை போடச் சொன்ன இடம் அது ஒன்றுதான் இருக்கும்.) சண்டைப் பேச்சு நடந்த முறை புண் ஆற ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாக ஆனது. குத்தலும் ஏளனமுமாகப் பேசிக்கொண்ட ஜோடிகளுக்கு, மற்றவர்களுக்கு ஆறிய வேகத்தில் 60 சதவீதம்தான்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. காயம் பட்டதும் அந்த இடத்தில் சைட்டோகைன் என்ற புரதங்கள் சுரந்து, சுத்தம் செய்கிற அணுக்களை "இங்கே வா" என்று கூப்பிடும். மனதில் கொதிப்பு இருந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், அது இந்தக் கூப்பாட்டை அமுக்கிவிடும், ஆள் வந்து சேரத் தாமதம், அவ்வளவுதான். சண்டைக்குப் பிறகு கொப்புளத்தில் அந்தப் புரதங்கள் குறைவாக இருந்ததை அவர்கள் அளந்தே பார்த்தார்கள். அதே குழு 1998இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் சிறு காயம் செய்து பார்த்தது: விடுமுறையில் ஒருமுறை, பரீட்சை நேரத்தில் ஒருமுறை. பரீட்சை நேரத்தில் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது, ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கே அப்படியென்றால், எழுபது வயதில், சர்க்கரையோடு, வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் ஒருவர் படுத்திருந்தால்?

உடனே "அப்போ வீட்டில் வாயையே திறக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்பீர்கள். திறக்கலாம். "நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கல" என்பது வேறு, "உங்க வம்சமே அப்படித்தானே" என்பது வேறு. புண்ணை ரொம்ப இழுத்தடிப்பது இரண்டாவதுதான்.

அந்தப் பெரியவருக்கு நாலு மாதம் ஆனது, ஆறிவிட்டது. மகனோடு ராசியானாரா என்று எனக்குத் தெரியாது. கடைசி நாள் பைக்கில் ஏறும்போது "காலை இடிச்சுக்காதீங்க" என்று மகன் சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை, நேராக அவரிடமே சொன்னார்.