பால்சா விமானத்துக்கு வண்ணம் பூசும்போது

நேயர்களுக்கு வணக்கம். மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு மரவேலை முடிந்ததும் கை பரபரக்கும். உடனே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பால்சா என்ற எடை குறைந்த மரம் பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ என்றால், அதே அளவு பால்சா ஏறத்தாழ 160 கிலோதான். காய்ந்த மரத்துக்குள் இருப்பதெல்லாம் காற்று. அதனால் எதைப் பூசினாலும் குடித்துவிடும். தண்ணீரில் கரைத்த பெயிண்ட் பட்டால் நார் சிலிர்த்து எழும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் மெல்லிய தகடு வளைந்துகொள்ளும்.

ஆகவே முதலில் துளைகளை அடைக்க வேண்டும். 320 எண் உப்புத்தாளால், நார் ஓடும் திசையிலேயே, அழுத்தாமல் தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, டோப் என்ற, மாதிரி விமானங்களுக்குப் பூசும் வார்னிஷ் போன்ற பூச்சைத் தின்னர் விட்டு நீர்க்கக் கரைத்து, அதில் கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசுங்கள். காய்ந்ததும் 400 எண் தாளால் அதில் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பூசியதை எடுக்க மனம் வராதுதான். ஆனால் துளைக்குள் நிற்பது போதும், மேலே நிற்பது வெறும் பாரம்.

டோப் காயும்போது சுருங்கும். இறக்கையில் ஒட்டிய டிஷ்யூ என்ற மெல்லிய தாள் விறைப்பாக நிற்க அந்தக் குணம் தேவை. மெல்லிய வாலையோ அதுவே முறுக்கிவிடும். சில சொட்டு விளக்கெண்ணெய் கலந்தால் சுருங்கி இழுப்பது தணியும். காயும்வரை தட்டையான பலகையில், அடியில் காற்றுப் போகும்படி மரத்துணுக்குகள் வைத்து, குண்டூசியால் பிடித்து வையுங்கள். மழை நாளில் டோப்பைத் தொடவே வேண்டாம், வெள்ளை பூத்துவிடும். டோப்பும் தின்னரும் சட்டென்று தீப்பிடிப்பவை. சன்னல்களைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

இனி நிறம். விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியிலிருந்து மூக்கு கிட்டத்தில் இருக்கிறது, வால் தூரத்தில். வாலில் 1 கிராம் பெயிண்ட் ஏறினால், அதை ஈடுகட்ட மூக்கில் 2, 3 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். ரப்பர் முறுக்கில் பறக்கும் சின்ன விமானத்துக்கு இது பெரிய சுமை. அதனால் வாலுக்குப் பெயிண்டே வேண்டாம் என்பேன். வண்ண டிஷ்யூவை ஒட்டினால் நிறத்துக்கென்று தனி எடை இல்லை. எண்களையும் கோடுகளையும்கூட வேறு நிற டிஷ்யூவில் வெட்டி, டோப் பூசிய பரப்பின்மேல் வைத்து, பிரஷ்ஷால் தின்னரைத் தொட்டு வைத்தால் போதும். அப்படியே பிடித்துக்கொள்ளும்.